கடற்கரையில் டென்ட் போடப் போறீங்களா? ராமநாதபுரம் கரைக்கு ஒரு வழிகாட்டி

லீவு வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டுவிடுவார்: "பீச்ல டென்ட் போட்டு ஒரு நைட் தங்கலாமா?" உடனே பத்து பேர் கை தூக்குவார்கள். ஆனால் எந்த பீச், யாரிடம் கேட்கணும், ராத்திரி கடல் எப்படி இருக்கும் என்ற கேள்விகளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் இருட்டின பிறகு போலீசார் வந்து கிளம்பச் சொல்லும்போதுதான் விஷயம் புரியும்.

தீவுத் தோட்டம், மணல் கரை, மீன்பிடித் துறைமுகம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றால் ராமநாதபுரம் மாவட்டக் கரை மிகப் பொருத்தமான இடம். உச்சிப்புளியில் ஆரம்பித்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி வரை மூன்று நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். அதே சமயம், இந்தக் கரையில் தேசியப் பூங்கா இருக்கிறது, சர்வதேச கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்களின் பிழைப்பும் இதே மணலில்தான் நடக்கிறது. அதனால் எங்கே தங்கக் கூடாது என்று முதலில் தெரிந்துகொண்டால், தங்கும் இடத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். உங்க கையில் இருக்கும் போனை வைத்தே இதில் பாதி வேலையை வீட்டிலிருந்து முடித்துவிடலாம்.

எங்கே டென்ட் போடவே கூடாது?

முதலாவது, மன்னார் வளைகுடா தீவுகள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக இருக்கும் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப் பாறையும், கடற்பசு மேயும் கடற்புல் படுகையும் இங்கேதான் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தத் தீவுகளில் கால் வைப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் குற்றம். "தெரிஞ்ச படகுக்காரர் இருக்கார், தீவுல ஒரு நைட் விட்டுட்டு வருவார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. மாட்டினால் உங்களோடு சேர்ந்து அந்தப் படகுக்காரருக்கும் சிக்கல்.

இரண்டாவது, தனுஷ்கோடி. அங்குள்ள நிலமும் நீர்ப்பரப்புமாக சுமார் 525 ஹெக்டேர் பகுதி 2025 ஜூனில் பெரும் பூநாரைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எல்லையோரப் பகுதி என்பதால் பாதுகாப்புக் கட்டுப்பாடும் உண்டு. பகலில் போய்ப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். எத்தனை மணி வரை அனுமதி என்பதைப் போகும்போதே சோதனைச் சாவடியில் கேட்டுக்குங்க.

மூன்றாவது, மீனவர் ஊர்களின் படகுத் துறைகள். காலியாகக் கிடக்கும் மணல் மாதிரிதான் தெரியும். ஆனால் விடியற்காலையில் வள்ளம் கரை ஏறும் தடம் அதுதான். வலை காய்வதும், கருவாடு காய்வதும், கடல்பாசி உலருவதும் அங்கேதான்.

அப்போ எங்கே தங்கலாம்?

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் தென்னந்தோப்புகளும் பனங்காடுகளும் நிறைய. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்கும் தோப்பில் டென்ட் போடுவதுதான் சரியான வழி. டென்ட் வேண்டாம் என்றால் ராமேஸ்வரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் இருக்கிறது; வீட்டோடு தங்கும் ஹோம்ஸ்டேகளும் உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு கேம்பிங் நடத்துபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், சாகச விளையாட்டு நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்வதற்கான வழிமுறைகளைத் தமிழ்நாடு அரசு வகுத்திருக்கிறது. முன்பணம் அனுப்பும் முன் மூன்று விஷயம் கேளுங்க:

1. சுற்றுலாத் துறைப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தால் அதன் போட்டோவை அனுப்பச் சொல்லுங்க.

2. இடத்தின் சர்வே எண் என்ன? ஊர், வட்டம், சர்வே எண் தெரிந்தால் போதும். வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் அது புறம்போக்கு நிலமா என்று நீங்களே சரிபார்க்கலாம். இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை.

3. ராத்திரி அங்கே யார் இருப்பார்கள்? பொறுப்பானவரின் பெயரும் போன் எண்ணும் வேணும். "கேட் திறந்திருக்கும், நீங்களே போய்க்கலாம்" என்று சொல்லும் இடம் வேண்டாம்.

பதிவு செய்தவர்களிடம் இந்த மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கும். தயங்கினால் வேறு இடம் பாருங்க. போலிப் பக்கம் வழியாகப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

எந்த மாதம், எந்தக் கடல்?

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை. அலை குறைவு, ஆழமும் குறைவு. உள்ளூரில் இதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அலையும் இழுப்பும் அதிகம். இது ஆண் கடல்.

ஆனால் இந்தக் குணம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, காற்றைப் பொறுத்து மாறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் ஜனவரி வரை, அமைதியான பாக் நீரிணையே கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கும் புயலுக்கும் உரிய காலமும் கூட. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கடுமையாக இருக்கும்; மணலும் வாரி அடிக்கும், டென்ட் நிற்காது.

இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும் மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். பூநாரைகளையும் அப்போது பார்க்க வாய்ப்பு உண்டு, பனையில் பதநீர் இறக்கும் வேலையும் தொடங்கியிருக்கும். துறைமுகத்தில் விசைப்படகுகளும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டுமே கிடைக்கும். துறைமுகம் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்க.

மூணு நாள் திட்டம்

*முதல் நாள்: உச்சிப்புளி, அரியமான்*

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி வரும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை அடங்கியிருக்கும். குழந்தைகளோடு கால் நனைக்க ஏற்ற இடம். மாலையில் கரையில் இருந்துவிட்டு, ராத்திரி தங்குவதற்கு முன்பே பேசி வைத்த தோப்புக்குப் போய்விடுங்க. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது. அதனால் ட்ரோன் பறக்க விடும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

*இரண்டாம் நாள்: மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்*

காலையில் மண்டபம். அங்கிருந்து தீவுக்குள் போக இரண்டு பாலம். ரயில் பாலம் முதலில் 1914-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். சாலைப் பாலம் 1988-இல் வந்தது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீங்க. ஒரு கார் நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்சும் நிற்கும்.

பாலம் தாண்டினதும் தீவு. இங்கே விவசாயம் இரண்டு விதம். ஒன்று மணலில், இன்னொன்று கடலில்.

மணலில் நடப்பது மல்லிகை நாற்று வளர்ப்பு. தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைக் குச்சியை வெட்டி மணற்பாங்கான நிலத்தில் நெருக்கமாக ஊன்றி, தண்ணீர் தெளித்து வேர் பிடிக்க வைக்கிறார்கள். மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூவின் செடிகள் பலவற்றுக்கும் பிறந்த ஊர் இந்தத் தீவுதான். இங்கே வேர் விட்ட நாற்றுதான் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறது. காலை வெயில் ஏறும் முன் போனால் நாற்றுப் பிடுங்கும் வேலையைப் பார்க்கலாம். பாத்திக்குள் இறங்காமல் வரப்பில் நின்று கேளுங்க, பொறுமையாகச் சொல்வார்கள். கிளம்பும்போது இரண்டு நாற்றுக் கட்டு வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் வியாபாரம், உங்க மாடிக்கும் செடி.

கடலில் நடப்பது பாசி வளர்ப்பு. சுமார் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் விடுகிறார்கள். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. உலர்த்திய பாசியிலிருந்து எடுக்கும் பொருள் ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட் வரைக்கும் போகிறது. இந்த வேலையில் பெண்கள்தான் அதிகம். சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்பவர்கள் பலர். பாசி காயப் போட்டிருக்கும் இடத்தில் வண்டி ஏற்றாதீங்க. மணல் அப்பினால் தரம் குறையும், விலை குறையும். ஒன்றரை மாச உழைப்பு அது.

*மூன்றாம் நாள்: ராமேஸ்வரம் துறைமுகம், தனுஷ்கோடி*

முதல் நாள் மதியமே உள்ளூரில் கேட்டு வைங்க: "நாளைக் காலைல போட் கரைக்கு வருமா?" பாக் நீரிணையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நாள் முறை வைத்துத்தான் கடலுக்குப் போகின்றன. தவறான நாளில் போனால் கட்டிக்கிடக்கும் படகுகளை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

படகு வரும் நாளில் விடியற்காலையிலேயே போயிடுங்க. இறால், நண்டு, கணவாய், பாறை, சீலா, காரல், திருக்கை என்று கூடை கூடையாக இறங்கும். சென்னையில் வஞ்சிரம் என்று கேட்டு வாங்கும் மீனுக்கு இங்கே சீலா என்று பேர். ஏலம் வேகமாக நடக்கும். நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கு வழி மறிக்கும். ஓரமாக நின்று பாருங்க. முகம் தெரிகிற மாதிரி படம் எடுக்கும் முன், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுடுங்க. தரையில் கிடக்கும் வலையை மிதிக்காதீங்க. செருப்பு மாட்டி ஒரு கண்ணி அறுந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்ன வேண்டும்.

அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை அலை மூடியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவாலயம், ரயில் நிலையம் ஆகியவற்றின் சிதைந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அந்தச் சுவரில் பெயர் எழுதுவதும், மேலே ஏறி நிற்பதும் வேண்டாம். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. முனையில் இரண்டு கடலும் சந்திப்பதால் நீரோட்டம் கணிக்க முடியாதது. அங்கே கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியம். தனுஷ்கோடியில் இன்றும் குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மணலில் சின்னக் குழி மாதிரி தெரிவது அவர்களுடைய குடிநீர் ஊற்றாக இருக்கலாம். அதில் கால் கழுவுவதோ, தட்டு அலம்புவதோ கூடாது.

நாள் கூடுதலாக இருந்தால் வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இடங்களுக்கும் போகலாம். தொண்டி பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன் வலசையில் கடற்புல்லையும் மீன்களையும் படகிலிருந்தே பார்க்கலாம். இங்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் ஏறாதீங்க.

கடல் எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

"பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது:

- 1, 2: தொலைவில் கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது. உங்க இடத்துக்கு உடனடி ஆபத்து இல்லை.
- 3, 4: உள்ளூர் எச்சரிக்கை. துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம்.
- 5, 6, 7: ஆபத்து. புயல் துறைமுகத்தைத் தாக்கலாம்.
- 8, 9, 10: பெரும் ஆபத்து. கடும் புயல்.
- 11: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

டென்ட் போடுபவருக்கு ஒரே விதி: எந்த எண் ஏறியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்க. மூன்றாம் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கூண்டு ஏறாமலேயே வரும் ஆபத்து ஒன்று உண்டு. அதன் பெயர் கள்ளக்கடல். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று கிளப்பும் அலை, சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் கரையேறும். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்தில்தான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். வானத்தைப் பார்த்துக் கடலை முடிவு செய்யாதீங்க.

இந்த எச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம். அவர்களுடைய சமுத்ரா செயலியில் அலை உயரமும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வரும். மழை, காற்றுக்கு இந்திய வானிலைத் துறையின் மௌசம் செயலி. நம் மாநிலப் பேரிடர் மேலாண்மையின் டிஎன்-அலர்ட் செயலியில் மாவட்ட வாரியான எச்சரிக்கையைத் தமிழிலேயே பார்க்கலாம். மூன்றையும் கிளம்பும் முன் ஒரு தடவை, தூங்கும் முன் ஒரு தடவை பாருங்க.

செயலியைத் தாண்டி இரண்டு சோதனை. ஒன்று, மணலில் காய்ந்த கடற்புல்லும் சருகும் கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருக்கும். அலை கடைசியாக ஏறிய இடம் அது. டென்ட் அதற்கு வெகு மேலே, மேடான இடத்தில் இருக்கணும். இரண்டு, பக்கத்து ஊர் மீனவரிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்க. அவர் படகைக் கூடுதலாக மேலே இழுத்து வைத்திருந்தால் நீங்களும் மேலே போயிடணும்.

போனை இப்படித் தயார் செய்யுங்க

கரையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் இவற்றை வீட்டிலேயே முடிச்சிடுங்க:

1. கூகுள் மேப்பில் ராமநாதபுரம் முதல் தனுஷ்கோடி வரையான பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வைங்க. டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

2. காவல் உதவி செயலியை இறக்கி, பெயர், எண் எல்லாம் பதிவு செய்து வைங்க. அவசரத்தில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் உங்க இருப்பிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இதற்கு டேட்டா வேணும்.

3. உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 அழைப்பு போகும். முயற்சி செய்யாமல் விட்டுடாதீங்க.

4. அரிச்சல்முனையில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். டேட்டா ரோமிங்கை அணைத்து வைங்க, இல்லாவிட்டால் பில் எகிறும்.

5. ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டி ஆவணங்களை டிஜிலாக்கரில் வைத்துக்குங்க. சோதனைச் சாவடியில் காட்டலாம். நெட் இல்லாத இடத்துக்காக ஒரு நகலையும் பையில் வைங்க.

6. பதநீர்க்காரரிடமும் மீன் விற்கும் அம்மாவிடமும் யுபிஐ எப்போதும் வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் வேணும்.

7. போகும் வழி, தங்கும் இடம், திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைங்க.

கரையை விட்டு வரும்போது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் பொரிந்ததும் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து நகரும். நீங்க போட்ட பளிச்சென்ற லைட் அவற்றை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். விடிந்தால் வெயிலிலும் நாய் வாயிலும் முடிந்துபோகும். அதனால் கரையில் ராத்திரி பெரிய விளக்கு, கேம்ப் ஃபயர் வேண்டாம். மணலில் கார், பைக் ஏற்ற வேண்டாம். ஆமையையோ முட்டைக் குழியையோ பார்த்தால் ஃபிளாஷ் போடாமல் தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்க.

தோப்பிலும் தீ மூட்ட வேண்டாம். காய்ந்த பனை ஓலையில் ஒரு பொறி விழுந்தால் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். சமைக்கணும் என்றால் சின்ன கேஸ் அடுப்பு போதும்.

கடையில் சங்கு வாங்கலாம். ஆனால் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை போன்றவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். "செத்துப்போன பவளம்தான் சார்" என்று சொன்னாலும் சட்டம் ஒன்றுதான்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மஞ்சப்பை, எவர்சில்வர் தட்டு, பெரிய தண்ணீர் கேன் எடுத்துட்டுப் போங்க. குடிக்க, சமைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கு வைங்க. குப்பையை ஒரு பையில் கட்டி ஊருக்குள் இருக்கும் தொட்டியில் போடுங்க. மணலில் புதைத்தால் அடுத்த காற்றில் வெளியே வரும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*அரியமான் கடற்கரை மணலிலேயே டென்ட் போடலாமா?*
பொதுக் கடற்கரையில் நீங்களாகவே போட முடியாது. உள்ளாட்சி அமைப்பிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டு, அனுமதி இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பட்டா தோப்பு.

*மீனவரின் படகில் கடலுக்குள் போய் வரலாமா?*
வேண்டாம். மீன்பிடிப் படகு பயணிகளை ஏற்றுவதற்கானது இல்லை. கடல் எல்லையும் பக்கத்தில். வனத்துறை போன்ற அனுமதி பெற்ற படகுச் சவாரி மட்டும் போங்க.

*அலை இழுத்தால் என்ன செய்வது?*
கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்கு வாங்க. வெளியே நிற்பவர்கள் தண்ணீரில் குதிக்காமல் கயிறு, காலி கேன் போன்ற மிதக்கும் பொருளை வீசி, 112-ஐ அழைக்கணும்.

*சொறி பட்டாலோ, திருக்கை முள் குத்தினாலோ?*
சொறி பட்ட இடத்தைக் கடல் தண்ணீரால் கழுவுங்க, நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீங்க. திருக்கை முள் குத்தினால் ரத்தம் நிற்க அழுத்திப் பிடித்து 108-ஐ அழைங்க. முள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடுங்க வேண்டாம், மருத்துவர் எடுக்கட்டும்.

*பெண்கள் மட்டும் குழுவாகப் போகலாமா?*
தாராளமாக. பதிவு பெற்ற, ஆள் இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்க. தங்கும் இடத்துக்கு உட்பட்ட காவல் நிலைய எண்ணைச் சேமித்து வைங்க. உதவிக்கு 181.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

அவசர உதவி: 112
ஆம்புலன்ஸ்: 108
கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
இந்தியக் கடலோரக் காவல்படை: 1554
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
பெண்கள் உதவி: 181
சைபர் குற்றப் புகார்: 1930
முதல்வரின் முகவரி, குறைதீர்ப்பு: 1100

இந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க குரூப்பில் போடுங்க. அதோடு, இடத்தைப் பேசி முடிக்கும் வேலை ஒருவருக்கு, சர்வே எண் பார்க்கும் வேலை ஒருவருக்கு, கடல் எச்சரிக்கை பார்க்கும் வேலை ஒருவருக்கு என்று இப்போதே பிரித்துக் கொடுத்துடுங்க. தேதியை அதன் பிறகு முடிவு செய்யலாம்.